மாடு வைத்த வீட்டில் பாக்கெட் பால்

இன்று காலை ஐந்தரை மணிக்கு, கொட்டகையில் ஒரு கறவை மாட்டைக் கட்டி வைத்திருக்கும் கிருஹஸ்தனாகிய நான், தெருமுனைக் கடைக்குப் போய் இரண்டு பாக்கெட் பால் வாங்கி வந்தேன். கடைக்காரத் தம்பி பையை நீட்டிக்கொண்டே, "என்ன சார், மாடு லீவா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் விளையாட்டாகக் கேட்டாலும் விஷயம் அதுதான். கன்று ஈனுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே கறப்பதை நிறுத்தி மாட்டை வற்ற விட்டால்தான், மடி ஓய்வு பெற்று அடுத்த ஈற்றுக்குத் தயாராகும். வயிற்றில் இருக்கும் கன்றும் கடைசிக் காலத்தில் வளர வேண்டிய அளவுக்கு வளரும். மாடு என்றால் வருஷம் முழுவதும் திறந்துவிடக்கூடிய குழாய் என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது.

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர்கள் இருவர், ஆளுக்கொரு மாடு வாங்கிக் கட்டிக்கொள்ளும் யோசனையில் இருக்கிறார்கள். "நீ வைத்திருக்கிறாயே, எப்படி?" என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாமல் விழிப்பதே வழக்கமாகிவிட்டபடியால், சாவகாசமாக இங்கே எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றிற்று.

முப்பது வருஷம் ஓசூர் சிப்காட்டில் லேத் இயந்திரத்தின் முன் நின்று இரும்பைக் கடைந்தவன் நான். எழுபதுகளில் சிப்காட் வந்து, அதன் பின்னே லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வந்து, ராகியும் கொள்ளும் விளைந்த செம்மண் காடுகள் ஷெட்டுகளாகவும் லேஅவுட்டுகளாகவும் மாறிய கதையில் நானும் ஒரு சிறு பாத்திரம். ஓய்வு பெற்றதும், மத்திகிரிப் பக்கம் அரைக் கிராமமும் அரை நகரமுமாக இருக்கும் ஒரு தெருவில், வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடத்தோடு குடியேறினேன். அப்பொழுதுதான், காய்ச்சாத பாலே அமிர்தம், அடுப்பில் ஏற்றிய கணமே அதன் ஜீவசத்து போய்விடுகிறது என்று ஆரோக்கியப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த ஒரு பழைய சிநேகிதரின் சகவாசம் வாய்த்தது. கறந்த செம்பில் நுரை அடங்குமுன், காம்புச் சூட்டோடு குடிக்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். அந்த ஒரு மடக்குக்காகத்தான் நான் மாடு வாங்கினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதலில் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குத்தான் போனேன். வெள்ளிக்கிழமை தோறும் கூடுகிற அந்தச் சந்தையில், மடி தரையைத் தொடுமோ என்று தோன்றும்படி நின்ற ஒரு மாட்டைப் பார்த்து மயங்கி நின்றபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "நேத்து சாயங்காலம் கறந்திருக்க மாட்டாங்க, பார்த்துக்கோங்க" என்று காதோடு சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். ஒரு வேளைக் கறவையை நிறுத்தி வைத்தால் எந்த மடியும் பெருத்துத்தான் காட்டும். ஆகையால், விற்பவர் வீட்டுக்கே போய், மாலை, மறுநாள் காலை, மறுபடி மாலை என்று மூன்று வேளை கறக்கச் சொல்லி, கண்ணால் பார்த்து வாங்க வேண்டும் என்ற பாலபாடத்தைக் கற்றுக்கொண்டு, தளிப் பக்கத்தில் ஒரு கன்னடக்காரக் குடியானவர் வீட்டில் ஜெர்சிக் கலப்புப் பசு ஒன்றை வாங்கினேன். செந்நிறம், ஆகவே அவர்கள் கெம்பி என்று அழைத்தார்கள். பேரும் மாட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தது.

பேரோடு பாஷையும் வந்தது. தளியில் "பா" என்று கூப்பிட்டால் வந்த மாடு, எங்கள் வீட்டில் "வா" என்றதற்கு முதல் இரண்டு நாள் காதை மட்டும் அசைத்தது. எதிர்வீட்டுப் பெத்தம்மா வந்து தெலுங்கில் "ரா" என்றாள். அதற்கும் காதையே அசைத்தது. மூன்று பாஷைகளும் ஒரே ஓசையின் வாசலில் வந்து நிற்கும் இந்த எல்லைப் பிரதேசத்தில், பஸ் நிலையத்தில் மனிதர்கள் செய்வதைத்தான் அதுவும் செய்தது: ஒரு வாரத்தில் மூன்றையும் பழகிக்கொண்டு, யார் கையில் தவிடு இருக்கிறதோ அவர் பாஷைக்கு வந்தது.

கறப்பதைக் கற்றுக்கொடுத்தவளும் பெத்தம்மாதான். முதல் நாள் நான் கட்டைவிரலை மடக்கிக் காம்பை இழுத்ததைப் பார்த்து, "நாயனா, அது என்ன கிணத்துக் கயிறா? இழுக்காதே. முழுக்கையாலே பிடி, மேலேருந்து அமுக்கு" என்றாள். மடக்கிய கட்டைவிரலின் முட்டி உராய்ந்து உராய்ந்து காம்பின் உட்புறம் புண்ணாகும் என்பதும், புண்ணான காம்பு மடிநோய்க்கு வாசல் திறக்கும் என்பதும் பின்னால் தெரிந்த சாஸ்திரம். எங்கள் தெருவழியே ஆலைகளின் ஷிப்டு பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் நேரமும் நான் கறக்க உட்காரும் நேரமும் ஒன்றாக இருந்தபடியால், முதல் வாரத்தில் கெம்பி பாலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டது. கன்று முட்டியதும் மாட்டின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு இரத்தத்தில் இறங்கி மடியை இளக்குகிறது. அதன் வேகம் ஐந்தாறு நிமிஷந்தான். அந்தச் சமயத்தில் மாடு மிரண்டால் பயத்தின் சுரப்பு குறுக்கே வந்து நின்றுவிடும். கறவை நேரத்தை அரைமணி முன்னால் தள்ளிவைத்தேன், பால் இறங்கிற்று.

இனி, அந்தக் காம்புச் சூட்டு மடக்குக்கு வருகிறேன். நாலு நாள் குடித்தேன். அமிர்தமாகவே இருந்தது என்று சொல்லத் தடையில்லை. ஐந்தாம் நாள் மாட்டைப் பார்க்க வந்த கால்நடை மருத்துவர் அம்மாள் என் கையிலிருந்த செம்பைப் பார்த்தார். "காய்ச்சலையா சார்?" என்றார். சுத்தமான மாடு, சுத்தமான கை, சுத்தமான பாத்திரம் என்று நான் என் சித்தாந்தத்தை எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க மாட்டை நம்பலாம் சார். அது இதுக்கு முன்னாடி எந்தெந்த வீட்ல இருந்துச்சு, எந்தக் காளையோட நின்னுச்சு, அதையெல்லாம் நம்பலாமா?" என்றார்.

புரூசெல்லா என்ற கிருமியைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன். மாட்டுக்கு அது சினையின் பின்மாதங்களில் கன்று வீச்சை உண்டாக்கும். ஆனால் மாடு பார்வைக்கு ஆரோக்கியமாகவே நிற்கும், பாலும் வெள்ளையாகவே இருக்கும். அந்தப் பாலைக் காய்ச்சாமல் குடித்தவனுக்கும், நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தவனுக்கும், வந்து வந்து போகும் காய்ச்சலும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் பிடித்துக்கொள்ளும். மால்டாத் தீவில் ஆங்கிலேயச் சிப்பாய்களை வாட்டிய காய்ச்சலின் கிருமியை டேவிட் புரூஸ் 1887ல் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய மேலும் பதினெட்டு வருஷம் ஆயிற்று. 1905ல் தெமிஸ்டோக்ளிஸ் ஸாமிட் என்ற மால்டா வைத்தியர், நோயின் எந்த அடையாளமும் இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளின் இரத்தத்தைப் பரீட்சித்துப் பார்த்து, கிருமி அவற்றிடம் இருப்பதைக் கண்டார். சிப்பாய்களுக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தியதும் காய்ச்சல் அடங்கிற்று. சுத்தமாகத் தெரிவதும் சுத்தமாக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய நிரூபணம் வேண்டுமா?

எனக்கு வேண்டியிருந்தது, பிடிவாதக்காரன். மாட்டைப் பரிசோதித்து, குற்றமில்லை என்று எழுதி வாங்கினேன். "இது இன்னைக்கு நிலவரம் சார்" என்று சொல்லித்தான் அந்த அம்மாள் காகிதத்தைக் கொடுத்தார். நாலு முதல் எட்டு மாத வயதுக்குள் கிடேரிக் கன்றுக்குப் போட வேண்டிய புரூசெல்லா தடுப்பூசி, கெம்பிக்குப் போடப்பட்டதா என்று யாருக்கும் தெரியாது. மாட்டிடம் நோயே இல்லாவிட்டாலும், சாணம் பட்ட வாலை ஒரு வீசு வீசினால் செம்புக்குள் என்னென்னவோ விழும். இந்த விவாதமெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே பிரசவத்துக்காக என் மகள் வந்து சேர்ந்தாள். கர்ப்பிணிக்குப் பச்சைப்பாலால் வரக்கூடிய கேடுகளை மருத்துவர் சொல்லிவிட்டுப் போன அன்று மாலை, என் மனைவி என்னோடு ஒரு வார்த்தையும் வாதாடாமல், செம்பை என் கையிலிருந்து வாங்கிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டாள். அன்று முதல் எங்கள் வீட்டில் பச்சைப்பால் இல்லை. பால் வந்ததும் காய்ச்சு என்று நம் வீட்டுப் பெண்கள் கிருமி சாஸ்திரம் பிறக்குமுன்பே செய்துகொண்டிருந்த காரியத்தை, அதன் காரணம் தெரிந்த காலத்தில் நான் விட்டுவிட எண்ணியது எவ்வளவு பெரிய பேதைமை!

அப்படியானால் மாட்டை எதற்கு வைத்திருக்கிறாய் என்று நீங்கள் கேட்பீர்கள். வாங்கிய காரணம் ஐந்தாம் நாளே ஆட்டங்கண்டுவிட்டது. வைத்திருக்கும் காரணம் மெல்ல மெல்லத்தான் விளங்கிற்று.

இரண்டாம் வருஷம் ஒருநாள் கெம்பி தீனியைத் தொடவில்லை. முதுகை வளைத்து, முன்னங்கால்களின் முட்டியை வெளிப்புறமாக விரித்து, கொட்டகையின் சரிவில் இறங்க மறுத்து நின்றது. அஜீர்ணம் என்று நினைத்து வெற்றிலையும் மிளகும் உப்பும் உருட்டிக் கொடுத்தேன். மருத்துவர் வந்து, தோளுக்கு மேல் முதுகுத் தோலைக் கிள்ளிப் பிடித்தார். முதுகைத் தாழ்த்த வேண்டிய மாடு, வலிக்குப் பயந்து விறைத்து நின்று முனகிற்று. "கம்பி தின்னிருக்கு" என்றார். ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும், மாடு அப்படியன்று. நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கிவிட்டுப் பிறகு அசைபோடுவது அதன் சுபாவம். தீனியோடு போன ஆணியும் கம்பியும், தேன்கூடுபோல் அறையறையாக இருக்கும் இரண்டாம் வயிற்றில் தங்கிவிடும். வயிறு சுருங்கி விரியும்போது குத்தும். அந்த வயிற்றுக்கும் இருதயத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஒரு தடுப்புத்தான்.

விரல் பருமனுள்ள ஒரு காந்தத்தைத் தொண்டை வழியே உள்ளே விட்டார். அது அதே வயிற்றில் போய் உட்கார்ந்து, கம்பியைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்ளுமாம். முன்னங்கால்கள் உயரமாக இருக்கும்படி பலகை போட்டு நிறுத்தினோம், மருந்தும் ஊசியுமாக நாட்கள் சென்றன, மாடு பிழைத்தது. அந்த நாட்களில் கறந்த பாலில் மருந்து கலந்திருக்கும் ஆதலால், சீட்டில் எழுதிய நாள் வரை செம்பு செம்பாகக் கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில் கொட்டினேன். கம்பி எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் குற்றம் சொல்லப் போவதில்லை. சாலையோரத்தில் அறுத்து வந்த புல்லிலா, ஷெட்டு கட்டுமிடத்தில் சிதறிய கட்டுக் கம்பியிலா, யார் கண்டது? முப்பது வருஷம் நான் கடைந்து தள்ளிய இரும்புத் துருவல்களும் இந்த மண்ணில் எங்கோ ஓரிடத்தில்தானே கிடக்கின்றன! இப்பொழுது தட்டை நறுக்கும் இயந்திரத்தின் வாயில் ஒரு பழைய காந்தப் பட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு முறை துடைக்கும்போது, அதில் தாடி முளைத்ததுபோல் இரும்புத் தூளும் எப்போதாவது ஒரு ஆணியும் இருக்கும்.

அந்த நாள் முதல் என் கவனம் செம்பிலிருந்து தீனித்தொட்டிக்கு மாறிற்று. காய்ச்சினால் சாகும் கிருமிகள் ஒரு பக்கம். காய்ச்சினாலும் போகாத சங்கதிகள் மறுபக்கம். 1960ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, அவை தின்ற கடலைப் புண்ணாக்கில் பிடித்திருந்த பூஞ்சணமே விஷம் கக்கியது என்று கண்டார்கள். அஃப்ளாடாக்ஸின் என்று அதற்குப் பெயர். ஈரம் பட்டுப் பூத்த புண்ணாக்கை மாடு தின்றால், அந்த விஷத்தின் ஓர் உருவம் பாலில் இறங்குகிறது. அடுப்பு அதை ஒன்றும் செய்யாது. மழைக்காலத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று புண்ணாக்கு மூட்டைகளை அடுக்கி வைத்து, மேலே பச்சையாகப் படிந்ததைச் சுரண்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போடும் சிக்கனம், பிள்ளைகளின் தம்ளரில் போய்த்தான் முடியும்.

தண்ணீரும் அப்படித்தான். நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் ஓரங்களைத் தடவிக்கொண்டு வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் வந்து நுரை நுரையாகப் பொங்குவதை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. அந்தத் தண்ணீரில் விளைந்த புல் பச்சைப் பசேலென்றுதான் இருக்கிறது, விலையும் குறைவு. நான் வாங்குவதில்லை. வீட்டுக்குப் பின்னால் பத்துப் பாத்தியில் கம்பு நேப்பியர் புல் வைத்திருக்கிறேன். மீதிக்கு, மானாவாரியில் ராகி விதைக்கும் ஒரு குடியானவரிடம் அறுப்பு முடிந்ததும் ராகிப் புல்லை வாங்கிப் போர் போட்டுக்கொள்கிறேன். நெல் வைக்கோலைவிட அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். மாடும் விரும்பித் தின்கிறது. இந்த ஊரின் எந்தக் கிணறு எப்படி, எந்தக் காட்டில் என்ன மருந்து தெளிக்கிறார்கள், எந்த ஓடையில் எந்தக் கழிவு கலக்கிறது என்பதெல்லாம் முப்பது வருஷம் இங்கே வாழ்ந்தும் எனக்குத் தெரிந்ததில்லை. மாடு வந்த பிறகு, அது தின்னும் ஒவ்வொரு பிடியும் நாளை என் பேத்தியின் பாலாகும் என்ற ஒரே காரணத்தால், ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

இந்தப் பிரதேசத்துக்கு மாட்டுப் படிப்பு புதிதன்று. மத்திகிரியில் ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் கால்நடைப் பண்ணை, 1824ல் பட்டாளத்துக் குதிரைகளுக்காகத் தொடங்கி, பிற்காலத்தில் மாடுகளுக்கான ஸ்தாபனமாக மாறிற்று. சிவந்த சிந்திப் பசுக்களை அங்கே மந்தையாக வளர்த்தார்கள். மூவாயிரம் அடி உயரத்துக் குளிர்ச்சியும் கறவை மாட்டுக்கு ஏற்றதுதான். இங்கிருந்து இருபத்தைந்து மைல் தள்ளி, பெங்களூர் ஆடுகோடியில் 1923ல் ஏற்பட்ட பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்துக்கு, 1927ல் ஒரு விசித்திரமான மாணாக்கர் வந்தார். தென்பெண்ணை பிறக்கும் அதே நந்தி மலையில் தேக அசௌக்கியத்துக்காகத் தங்கியிருந்துவிட்டு இறங்கி வந்த காந்தியடிகள்தாம் அவர். கல்கத்தாவில் கடைசிச் சொட்டுப் பாலையும் பிடுங்குவதற்காக மாடுகளுக்குச் செய்த கொடுமையைக் கேள்விப்பட்டு, பசுவின் பாலையும் எருமையின் பாலையும் தொடுவதில்லை என்று விரதம் பூண்டிருந்தவர், ஐம்பத்தேழாவது வயதில் மாடு வளர்ப்பைப் பாடமாகப் படித்தார். பசும்பால் தமக்கில்லை என்று ஆன பின்பும் மாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை தீரவில்லை என்று அவர் எண்ணினார்போலும். பச்சைப்பாலுக்காக மாடு வாங்கி, பச்சைப்பாலை விட்டுவிட்ட எனக்கு அவரை நினைத்துக்கொள்ளுவதில் ஓர் ஆறுதல்.

ஆறுதல் இல்லாத விஷயம் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் நண்பர்களுக்கு யோசனை சொல்லுவது நியாயமாகாது. மாடு கன்று ஈன்றால்தான் பால். ஈனுவதில் பாதி காளைக் கன்று. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு கெம்பி ஈன்ற முதல் கன்று காளைக் கன்றுதான். ஜெர்சிக் கலப்பானதால் நுகத்தடி தங்கத் திமில் இல்லை; இருந்தாலும் உழவெல்லாம் டிராக்டர்மயம். கிருஷ்ணகிரிப் பக்கத்து எருது விடும் விழாக்களில் ஓட வேண்டுமென்றால் ஹள்ளிக்காரைப் போல நாட்டு ரத்தம் வேண்டும். ஆறு மாதம் வளர்த்தேன். என் பின்னாலேயே சுற்றும். சட்டைப் பையை முகரும். பிறகு கொடுத்துவிட்டேன். யாருக்கு என்று பெத்தம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாம் குடிக்கும் பாக்கெட் ஒவ்வொன்றின் பின்னாலும் இப்படி ஒரு கன்று எங்கோ நின்றிருக்கிறது. ஆனால் அதன் முகம் நமக்குத் தெரிவதில்லை. மாடு வைத்தவனுக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த முறை, கிடேரிக் கன்றாகவே பெரும்பாலும் பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்தில் சினை ஊசி போடச் செய்திருக்கிறேன். பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரிக் குளிரில், ஒரு சிறு உருளையில், மோட்டார் சைக்கிளின் பின்னால் வந்திறங்கியது அந்தக் கன்றின் பாதி ஜாதகம். நிச்சயம் என்று யாரும் சொல்லவில்லை. பத்துக்கு ஒன்பது என்கிறார்கள்.

கணக்கு நோட்டையும் காட்டிவிடுகிறேன். நல்ல நாளில் காலையில் ஐந்து லிட்டர், மாலையில் மூன்று. வீட்டுக்குப் போக மிஞ்சுவதைப் பெத்தம்மா வீடும் இன்னும் இரண்டு வீடுகளும் வாங்கிக்கொள்கின்றன. தீவனம், தவிடு, மருந்து, வற்றுக்கு விட்ட மாதங்களில் இரட்டைச் செலவு எல்லாவற்றையும் கூட்டினால், என் உழைப்புக்குக் கூலி என்று ஒரு காசும் எழுதாமலே, கடைப் பாலைவிட என் பால் விலை உயர்ந்ததாகத்தான் வருகிறது. வெளியூர்க் கல்யாணத்துக்கு நானும் மனைவியும் சேர்ந்து போய் மூன்று வருஷம் ஆகிறது. லாபத்துக்கென்றால், வேண்டாம், பச்சைப்பாலுக்கென்றால், வேண்டவே வேண்டாம். குடிக்கும் பால் எந்தப் புல்லிலிருந்து, எந்தத் தண்ணீரிலிருந்து, யாருடைய பங்கிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டே குடிக்க வேண்டும் என்ற ஆசையும், தெரிந்துகொண்டதைத் தாங்கும் மனமும் இருந்தால், வாங்குங்கள். மாடு பார்க்க நானும் கூட வருகிறேன். மூன்று வேளை கறக்கச் சொல்லிப் பார்ப்போம்.

ஊசி போட்ட நாளிலிருந்து இருநூற்று எண்பது நாள் எண்ணி, நாள்காட்டியில் ஒரு தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். நேற்று மாலை பார்த்தபோது மடி கனக்கத் தொடங்கியிருந்தது. கடையில் சில்லறையை எண்ணிக் கொடுக்கும்போது, "லீவு முடிய இன்னும் பதினெட்டு நாள்" என்று தம்பியிடம் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது. "சார், சீம்பால் வந்தா நமக்கு ஒரு செம்பு. வெல்லம் போட்டு வேக வெச்சாப் பசங்க உசிரை விடுவாங்க" என்றான்.

"தரேன்" என்றேன். "கன்று குடிச்சது போக மீதி இருந்தா."

"கன்று எவ்வளவு சார் குடிச்சிடப் போவுது?"

"அது குடிச்சுட்டுச் சொல்லட்டும்" என்று பாக்கெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.